37840

மல்லாவிச் சந்தியில் என் கடை.
எரிந்த மோட்டருக்குச் செப்புக்கம்பி சுற்றுவது தொழில்.
தண்ணீர்ப் பம்பி, கிறைண்டர், மின்விசிறி,
போன மாதம் வரைக்கும் அவ்வளவுதான்.

சலூன்காரர் பற்குணம்
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தது
கால் நாலும் கழன்ற ஒரு கண்ணாடி மேசை.
டோட்முண்டில் மச்சான் வேலை செய்த குடிச்சாலை
பூட்டியபோது சம்பளப் பாக்கிக்குக் கிடைத்ததாம்.
மெத்தைகளுக்குக் கீழே கப்பலில் வந்ததாம்.
"முறைக்கு நிக்கிற பெடியள் விளையாடட்டும் தங்கச்சி,
ஃபோனை நோண்டாமல்."
"இதுக்குப் பேர் என்ன?"
"பின்போல். உள்ளுக்குக் குண்டு ஓடும்."
சொன்ன பிறகு
இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் நின்றோம்.
"போளை," என்று திருத்தினார்.

திறந்தேன்.
நிறம் வெளுத்த வயர்க் குடல்.
பல்லி முட்டை இரண்டு, ஒரு ஜேர்மன் காசு.
சிப் என்று ஒன்றுமே இல்லை.
ஒரு ரிலே அடுத்ததைத் தட்டி எழுப்ப
அது இன்னொன்றை எழுப்ப
அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது.
ஐந்து இலக்கச் சில்லுகளில்
கடைசி ஆட்டம் அப்படியே நின்றுபோயிருந்தது:
37840.
யாருடைய கையோ.
வென்றதா, பாதியில் பஸ்சுக்கு ஓடியதா,
கேட்க ஆளில்லை.

ஆறு கொயில் கருகிவிட்டது.
ஒன்றுக்கு ஆயிரத்து நூற்றெண்பது சுற்று.
எழுநூற்று முப்பத்தொன்றில்
ஐஸ்கிரீம் வான் பாட்டோடு திரும்பியது.
எண்ணிக்கை போனது.
அவிழ்த்தேன்.
தூளாகிப்போன றப்பர் வளையங்களுக்குச்
சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டேன். கறுப்புத்தான், பரவாயில்லை.
பல்ப் ஆறு வோல்ட்:
பழைய எம்டி நைன்ரிகளின் பின்லைற்
துணுக்காய் வரைக்கும் தேடிப் பதினேழு.
போளை துருவேறிப் பொக்கு விழுந்திருந்தது.
உழவு இயந்திரப் பெயரிங்கை உடைத்தெடுத்த உருண்டை
மயிரளவு சிறிது.
ஓடும்.

மேல் கண்ணாடியில் பனியில் சறுக்கும் ஒருத்தி.
முகத்தில் மட்டும் பெயின்ற் உரிந்துவிட்டது.
போர்ட் எழுதும் அமலதாஸ் தலையைச் சரித்துப் பார்த்தான்.
"உரக் கொம்பனிக்குக் கீறின முகம் ஒண்டு கிடக்கு, போடவோ?"
வேண்டாம் என்றேன்.
பின்னால் பல்ப் எரிந்தால்
அவளுக்கு வெளிச்சமே முகம்.

மிஞ்சியது ஒரு கம்பி.
அதில் தொங்க வேண்டிய எடையைக் காணவில்லை.
யாராவது மேசையைப் பிடித்து உலுக்கினால்
எடை ஆடி வளையத்தில் முட்டும்,
ஆட்டம் அந்த இடத்திலேயே செத்துவிடும்.
வீட்டுத்திட்ட வேலை முடிந்து சும்மா இருந்த மேசன் யோகநாயகம்
தன் சின்னத் தூக்குக்குண்டைத் தந்தார்.
"எங்கட சனம் உலுக்கும்," என்றார் பற்குணம்,
"வளையத்தைக் கொஞ்சம் பெருப்பியும்."
எவ்வளவு உலுக்கலாம் என்பது
முதல் தடவையாக
என் திருகாணியில் இருந்தது.
மூன்று சுற்றுத் தளர்த்தினேன்.
பிறகு இன்னும் அரைச் சுற்று.

கரண்ட் கொடுத்தால் சில்லுகள் தாமாகவே
பூச்சியத்துக்குப் போகும் என்று
டோட்முண்டில் இருந்து ஃபோனில் சொன்னார் மச்சான்.
இரண்டு நாள் சாட்டுச் சொன்னேன்:
ஈயம் முடிந்தது, கரண்ட் இல்லை.
கரண்ட் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு
கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதினேன், 37840,
பெயருக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு.
சுவிச்சைப் போட்டேன்.
ட்றக் ட்றக் ட்றக்
கடை முழுக்கச் சத்தம், எதிர்க்கடை நாய் எழும்பிக் குரைத்தது,
ஐந்து பூச்சியம்.
நானே முதல் ஆடினேன்.
1260. நடுவால் விழுந்துவிட்டது சனியன்.

சனிக்கிழமை சலூனில் எட்டிப் பார்த்தேன்.
பாதித் தலை வெட்டியபடி
துணி கழுத்தில் தொங்க ஒரு பெடியன்
இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றான்.
பற்குணம் கத்திரிக்கோலோடு பின்னால் கத்துகிறார்.
முகமில்லாதவள் எரிகிறாள்.
ஆட்டம் நிற்கவில்லை.